ஒரு பிடி பழைய நிறம்

மருந்து பத்தொன்பது நாள். கடைசி வேளை கொடுத்த மறுநாள் காலை அக்காவின் குழந்தையிடம் எடுத்த ரத்தத்தில் ஈயம் குறையவில்லை. கூடியிருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார். முதலில் அறுபத்தொன்று. வார்டில் இருந்த கடைசி நாள் முப்பத்துநான்கு. இப்போது அறுபத்தாறு.

"எலும்புல தங்கினது கொஞ்சம் ரத்தத்துக்குத் திரும்பி வரும். அது தெரிஞ்சதுதான். ஆனா ஆரம்பிச்ச இடத்தையே தாண்டிப் போகாது," என்றார். "புதுசா உள்ள போயிட்டிருக்கு."

"எப்படி டாக்டர் போகும்?" அக்காவின் குரல் உடனே உயர்ந்தது. "எங்க வீட்டு வாசலக்கூட நாங்க மிதிக்கல. இங்கிருந்து நேரா என் தங்கச்சி இவ வீட்டுக்குத்தான் போனோம். பாய், தலகாணி எல்லாம் புதுசு."

"அந்த வீட்டிலிருந்து வேற என்ன வருது?"

அக்கா திரும்பி அத்தானைப் பார்த்தாள். அத்தான் பேருந்து ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்.

"இவர் வர்றாரு," என்றாள் அக்கா.

அத்தான் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

டாக்டர் அதைக் கவனிக்காததுபோல என்னிடம் பேசினார். நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். "ஈயம் உள்ள வந்துட்டிருக்கும்போது மறுபடி இந்த மருந்தக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லம்மா. குடல் இன்னும் அதிகமா இழுத்துக்கலாம். எழுபதத் தாண்டினா மூளை வீங்கலாம், வலிப்பு வரலாம். அதுக்கப்புறம் நாம பேசுற பேச்சே வேற. இவ வார்டுலயே இருக்கட்டும். எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க."

பட்டாணி அக்காவின் மடியில் இருந்தாள். வயது இரண்டரை. மாதம் நிறையாமல் கைக்குள் அடங்கும் அளவில் பிறந்ததால் அந்தப் பெயர். இரண்டு வயதில் நாற்பது சொல் பேசினாள். அத்தானை 'அப்பா' என்று கூப்பிடும் முன்பே 'பஸ்' என்று கூப்பிட்டாள். அவர் வாசலுக்கு வந்தால் "பஸ், பஸ்" என்று கத்துவாள். தெருவில் எல்லாரும் அவரையே 'பஸ்' என்று கூப்பிடும் அளவுக்கு அது பரவியது. பிறகு வயிற்று வலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. போவதைக் கவனிக்க நாளானது. ஒரு குழந்தை ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதை எந்த நாளில் கவனிப்பது? இப்போது 'ம்' மட்டும் இருந்தது.

அத்தானின் வீடு இருக்கும் தெரு ஒரு காலத்தில் பெரிய வியாபாரிகளின் தெரு. ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு இருக்கும் மரக் கதவுகள், மேலே அரைவட்டக் கண்ணாடிகள், ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் பொதுச் சுவர்கள். அக்கா கல்யாணமாகிப் போனபோது பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டின் மாடியில் மரம் முளைத்து, அதன் வேர் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தது. மழை பெய்தால் அக்கா வீட்டில் பாத்திரம் எல்லாம் தரையில்தான் இருக்கும்.

அந்தத் தெருவைத் தூக்கி நிறுத்தியவர் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர். சிமெண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் போட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டதால் அவருக்குச் 'சுண்ணாம்பார்' என்று பெயர் விழுந்தது. சங்கம் ஒன்று தொடங்கினார். ஒவ்வொரு வீடாகக் கூரை மாற்றினார்கள். வெளியூர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பூட்டிய வீடுகளில் விளக்கு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு ஆட்கள் நடந்தார்கள்.

கூரையும் சுவரும் முடிந்த பிறகு கதவுகளுக்கு வந்தார்கள். சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் கதவின் மூலையில் காசளவு இடத்தைப் படிப்படியாகச் சுரண்டுவார்கள். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பழுப்பு என்று ஒவ்வொரு பூச்சாகத் தெரியும். கடைசியில், மரத்தை ஒட்டி, கதவு செய்த நாளில் பூசிய நிறம் இருக்கும். அந்தத் தெருவின் எல்லாக் கதவுகளிலும் அது ஒரே நிறம்: செம்மை கலந்த ஆரஞ்சு, அணையப் போகும் நெருப்புக் கங்குபோல. மற்ற பூச்சுகளை எடுத்துவிட்டு, அந்த அடிப்பூச்சைத் தனியாகச் சுரண்டிச் சேர்த்து, கல்லில் அரைத்து, புதுப் பெயின்ட்டில் ஒரு பிடி கலக்க வேண்டும்.

"புதுப் பெயின்ட் கடையில கிடைக்கும். உங்க கொள்ளுத்தாத்தா பூசினது கடையில கிடைக்குமா?" என்று சுண்ணாம்பார் கேட்பார். 

அத்தான் அரைத்த பொடியை அவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். முதல் முறை பூசிப் பார்த்தபோது கதவெல்லாம் பொரிப்பொரியாக இருந்தது. "பஸ் வீட்டுக் கதவுக்கு அம்மை போட்டிருக்கு" என்று தெருவே சிரித்தது. இரண்டாம் முறை கூட்டத்தில் வைத்தே பொடியை விரலில் தேய்த்துக் காட்டி, "இது பொடியா, ரவையா?" என்று கேட்டார். அத்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லையாம்.

மூன்றாம் முறை பொடி முகப் பவுடர்போல இருந்தது. எட்டு நாள், தினமும் ட்யூட்டி முடிந்து வந்து, கல்லில் அரைத்ததாக அத்தான் கூட்டத்தில் சொன்னார். கை தட்டினார்கள். அந்தக் கதவில் பட்டாணி உள்ளங்கை வைத்து நிற்கும் படம் சங்கத்தின் மலரில் அட்டைப் படமாக வந்தது. அதைப் பற்றி அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். "எட்டு நாளாம்டி! கல்லுலயாம்!" என்று சிரித்தாள். பேச முடியாமல் சிரித்து ஃபோனை வைத்துவிட்டாள். கணவனைக் கை தட்டிப் பாராட்டியதற்கு ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

நோய் என்னவென்று தெரிந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. அந்தப் பழைய பூச்சில் ஈயம் இருந்தது; அதைச் சுரண்டியவர் அத்தான். அதனால் வசவு முழுவதும் அவருக்குத்தான்.

டாக்டரைப் பார்த்த அன்றே என் வீட்டில் தொடங்கினேன். இரண்டு அறை, ஒரு சமையல் மேடை. குழாய்த் தண்ணீர், தரைத் தூசு, ஜன்னல் விளிம்பு, பட்டாணியின் தலையணை உறை, சோப்பு, பற்பசை, பால், மூட்டையிலிருந்து அரிசி, டப்பாவிலிருந்து பருப்பு என்று எல்லாவற்றிலும் எடுத்தேன். ஈரத் துணியால் ஒரு சாண் சதுரம் துடைத்து, சோதனைக் குழாயில் போட்டு மூடினேன். அத்தானின் காக்கிச் சட்டையையும் ஷூவையும் கேட்டு வாங்கினேன். வாங்கும்போது அவர், "ஏதாவது தெரிஞ்சா முதல்ல எங்கிட்ட சொல்லும்மா. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

வார்டில் சேர்க்கும் முன்பே அந்த வீட்டிலிருந்து அக்கா கொண்டுவந்து என் வீட்டில் வைத்த சாமான்கள் குறைவு. பெயின்ட் பூசியது எதுவும் வரக்கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். பொம்மைகளை அங்கேயே விட்டாள். துணிகளைக் கொதிக்க வைத்து அலசினாள். பட்டாணியின் பால் டம்ளர், கஞ்சிப் பாத்திரம், மிக்ஸி. என் மிக்ஸியில் சின்ன ஜார் உடைந்து ஒரு வருஷமாகிறது. கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் வறுத்து நைசாகப் பொடிக்க அது வேண்டும் என்றாள்.

துணி அலசிய அன்று என்னிடம் ஒன்று கேட்டாள். "ஏன்டி, அது எவர்சில்வர்ல ஒட்டிக்குமா?"

"நல்லா தேய்ச்சுக் கழுவினா போயிடும். எந்தப் பாத்திரம்?"

"சும்மா கேட்டேன்," என்றாள்.

பரிசோதனையில் என் வீடு சுத்தமாக இருந்தது. தண்ணீர், அரிசி, தலையணை எதிலும் ஒன்றுமில்லை. அத்தானின் ஷூவில் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்த ஷூவை அவர் என் வீட்டு மாடிப்படியின் கீழேயே கழற்றிவிடுவார். பட்டாணியைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. மூன்றடி தள்ளி நின்று கையாட்டிவிட்டுப் போவார். அந்த ஷூவை அவள் நக்கியிருந்தால்கூட எண் அவ்வளவு ஏறாது.

மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனேன். எதிரெதிராக ஆரஞ்சுக் கதவுகள். வெயில் பட்டு எதிர்ச் சுவர்களும் லேசாகச் சிவந்திருந்தன. அழகாகத்தான் இருந்தது. அக்கா வீட்டுக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"டிரைவர் மச்சினிதானே நீ? என்ன துடைக்கிற? அதுவே பளபளன்னுதானே இருக்கு."

சுண்ணாம்பார். கையில் தெரு பெருக்கும் துடைப்பம்.

"தூசு எடுக்கிறேன் சார். டெஸ்ட்டுக்கு."

"குழந்தை எப்படி இருக்கு?"

"ஈயம் கூடியிருக்கு சார்."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.  பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் எதையும் மறைக்கலம்மா. பழைய பூச்சுல ஈயம் இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே எல்லாக் கதவுக்கும் மேல வார்னிஷ் அடிக்கச் சொல்லிட்டேன். இனிமே யாரும் சுரண்டக் கூடாதுன்னும் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கிறேன். ஊர்ஜிதம் ஆகாம தெருவுல பேசிடாத. திரும்பி வந்தவங்க பூரா குழந்தை குட்டியோட வந்தவங்க. பயந்து போயிட்டாங்கன்னா மறுபடி இங்க எலிதான் குடியிருக்கும். நான் இன்னொரு தடவ ஆரம்பிக்க மாட்டேன். வயசு இல்ல."

மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் இருந்தது.  கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பொடி அரைச்சது எங்க சார்? அந்த இடத்துலதான் தூசு அதிகமா இருந்திருக்கும்."

"அவங்கவங்க வீட்டுப் பின்கட்டுலதான். கல்லு சங்கத்துது. வீடு மாத்தி வீடு போகும்." சங்க அறையைத் திறந்து காட்டினார். மேசையின் மேல் ஒரு தட்டையான கருங்கல், அதன் மேல் கைப்பிடி வைத்த குழவி. பக்கத்தில் கண்ணாடிக் குப்பிகளில் ஒவ்வொரு வீட்டின் பொடியும் கொஞ்சம், வீட்டு எண் ஒட்டி. எல்லாம் ஒரே நிறம். எல்லாம் ஒரே மாதிரி மாவாக இருந்தன.

கல்லைக் குனிந்து பார்த்தேன். கொத்திய சிறு குழிகள் சாம்பல் நிறமாக இருந்தன. ஒரு குழியில்கூட ஆரஞ்சு இல்லை.

"நல்லா கழுவி வச்சிருக்கீங்க."

"நான் எங்க கழுவினேன்? எடுத்துட்டுப் போறவங்களே கழுவிக் கொண்டாந்து வச்சிடுவாங்க. அந்த ஒழுங்கு இந்தத் தெருவுல வந்துடுச்சு. முதல்ல உங்க அத்தான் அரைச்ச அரைப்பப் பார்த்துட்டு, அடுத்தவன் எல்லாம் ரோஷமா அரைச்சான். அதுக்கப்புறம் நான் ஒரு வீட்டுப் பொடியக்கூடத் திருப்பி அனுப்பல."

அக்காவின் எதிர்வீட்டுக்காரி சங்க அறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, ஒரு வயசுப் பையன். "ஆமாமா, ரோஷம்தான்," என்றாள். "எங்க வீட்டுக்காரர் தோள்ல தைலம் தேய்க்கச் சொல்லி ஒரு வாரம் என் உயிர எடுத்தாரு. அரைச்சு அரைச்சுக் கை விட்டுப்போச்சாம்." சொல்லும்போதே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சுண்ணாம்பார் பெருமையாகத் தலையாட்டினார்.

பையன் சிணுங்கினான். அவள் அவன் வயிற்றைத் தடவினாள். "ரெண்டு வாரமா இவனுக்கு வயிறு சரியில்ல. பல்லு முளைக்குதுபோல. உங்க அக்காவக் கேட்டேன்னு சொல்லு. அவ இல்லாம தெருவே வெறிச்சுனு இருக்கு. பட்டாணி பேசுறாளா?"

"இல்ல. தம்பியக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

"பல்லுக்கா ரத்தம் எடுப்பாங்க?" என்று சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

மாலையில் வார்டுக்குப் போனேன். அத்தான் ஜன்னலருகே நின்றார். அக்கா பட்டாணிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"கதவாம் கதவு. பெத்த பொண்ணுக்கு மேலயா கதவு? நாலு பேர் கை தட்டணும், அட்டைல படம் வரணும். வந்துச்சுல்ல? எடுத்து வச்சுப் பாருங்க."

"மெதுவாப் பேசு. பக்கத்துப் பெட்ல தூங்குறாங்க."

"தூங்கட்டும். தூக்கம் வர்றவங்க தூங்கட்டும்."

 அத்தான் முகத்தில் கோபமே இல்லை. அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் பட்டது. அவர் சாதுதான், ஆனால் இவ்வளவு சாது இல்லை. பட்டாணியைப் பார்க்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார், கீழே விழப்போகிற ஒன்றைப் பார்ப்பதுபோல.

நர்ஸ் வந்து மருந்துத் தட்டை வைத்தார். கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்து, "இந்தத் தடவ இங்க கொடுக்கிற எதையும் தொட மாட்டேங்கிறா பாப்பா," என்றார். "போன தடவ பாலும் ரொட்டியும் சமத்தா சாப்பிட்டா. இப்ப அம்மா கஞ்சிதான் வேணுமாம்."

"போன தடவ கஞ்சி கொண்டு வரலையாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க? அப்ப நான் வார்ட விட்டு நகரவே இல்லையே," என்றாள் அக்கா.

போன முறை வார்டில் பாலும் ரொட்டியும் சாப்பிட்டாள். எண் இறங்கியது. என் வீட்டில் கஞ்சி குடித்தாள். எண் ஏறியது.  ஆனால் அந்த அரிசியை நான் சோதித்துப் பார்த்திருந்தேன். பருப்பையும் தண்ணீரையும் பார்த்திருந்தேன். எதிலும் ஒன்றுமில்லை.

"எனக்கு ரெண்டு ஸ்பூன் வேணும்," என்றேன்.

"உனக்குப் பசிக்குதா?"

"டெஸ்ட்டுக்கு. அதுவரைக்கும் இவளுக்குப் பாலும் ரொட்டியும் மட்டும் குடு. அழுதாலும்."

அக்காவின் கை நின்றது. "அரிசியத்தான் பார்த்துட்டேன்னியே."

"ஆமா. ஆனா கஞ்சியப் பார்க்கல."

அவள் பாத்திரத்தைக் கொடுத்தாள். பட்டாணி அதன் பின்னாலேயே கையை நீட்டி அழுதாள். அழுகைக்குக்கூட சொல் இல்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் அதைத்தான் முதலில் போட்டேன். மெஷின் படிக்கும் அளவுக்கு மேலே போனது. பத்து மடங்கு தண்ணீர் கலந்து போட்டேன். அதற்கும் மேலே போனது. நூறு மடங்கு கலந்த பிறகுதான் ஒரு எண் வந்தது. அதை எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமலே நினைவிருந்தது. பாத்திரத்தைத் தனியாகக் கழுவி அந்தத் தண்ணீரைப் போட்டேன். ஒன்றுமில்லை.

அரிசியில் இல்லை, பருப்பில் இல்லை, தண்ணீரில் இல்லை, பாத்திரத்தில் இல்லை. கஞ்சியில் இருந்தது. அரிசிக்கும் கஞ்சிக்கும் நடுவில் இருப்பது ஒன்றுதான்.

லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மிக்ஸியின் சின்ன ஜார் மேடையில் கவிழ்த்து வைத்திருந்தது.  வெளியே பார்க்கப் புதிதுபோல இருந்தது. அடியில் திருகைப் பிடித்துக்கொண்டு பிளேடைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. இடுக்கி வைத்துத் திருகினேன். பிளேடுக்குக் கீழே கருப்பு ரப்பர் வளையம். அதன் அடியில், வளையம் உட்காரும் பள்ளத்தில், ஒரு மோதிரம்போல ஆரஞ்சு நிறத்தில் பசை.

மிளகாய்த் தூள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முகர்ந்து பார்த்தேன். மிளகாய் வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. ஊசி முனையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனேன். விடை தெரிந்திருந்தது. இருந்தும் சோதனை செய்தேன்.

ஒவ்வொரு முறை பொடிக்கும்போதும் பிளேடு சுற்றும், வளையம் அதிரும், பசையிலிருந்து கொஞ்சம் மேலே வரும். அதன் பிறகு ஜாரை எவ்வளவு கழுவினாலும் மேல் பக்கம்தான் கழுவுவோம்.

மருத்துவமனைக்குப் போனபோது டாக்டர் அறையில் இல்லை. வருவதற்கு ஒரு மணி நேரமாகும் என்றார்கள். வார்டில் அக்கா பட்டாணியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் அன்றும் வந்திருந்தார், அதே ஜன்னலருகே. நான் பையிலிருந்து ஜாரை எடுத்துக் கட்டிலோடு சேர்ந்த மேசையில் வைத்தேன். பக்கத்தில் ரப்பர் வளையத்தை, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு.

"இதுதான்," என்றேன். "கஞ்சில இதுலேருந்துதான் வருது. டாக்டர்கிட்ட சொன்னா மருந்த மறுபடி ஆரம்பிச்சிடுவாங்க."

அக்கா உறையைப் பார்த்தாள். தட்டிக்கொண்டிருந்த கை பட்டாணியின் முதுகிலேயே நின்றது.

 நான் கேட்கும் முன்பே அத்தான் பேசினார். "நான்தாம்மா."

அவர் கட்டிலருகே வந்தார். வார்டில் அவர் இவ்வளவு பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை. "அவ தைச்ச துணியக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தா. கல்லுல அரைச்சு நைசா வரல. ஆத்திரத்துல மிக்ஸியில போட்டுட்டேன். கழுவி வச்சுட்டேன். அவளுக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடு."

எனக்கு அக்கா வீட்டுச் சமையலறைக் கூரை நினைவுக்கு வந்தது. கூரை மாற்றும் வரை அங்கே தட்டளவு ஒரு சிவப்புக் கறை இருந்தது. கல்யாணமான புதிதில் அத்தான் அக்காவுக்கு உதவி செய்கிறேன் என்று மிக்ஸியின் பெரிய ஜாரில் தக்காளியைப் போட்டு, மூடியில்லாமல் ஓட விட்டார். அதன் பிறகு மிக்ஸி பக்கம் அவரை அக்கா விட்டதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா கூரையைக் காட்டிச் சொல்லும் கதை அது.

"இந்த ஜாருக்கு மூடி எப்படிப் போடணும் அத்தான்?" என்று கேட்டேன். அவரைச் சோதிக்கும் எண்ணம் இல்லை. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவர் ஜாரைப் பார்த்தார். "மேல வச்சு... அமுக்கணும்."

அந்தச் சின்ன ஜாருக்கு மட்டும் மூடியை இடப்பக்கம் திருகிப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மிக்ஸி ஓடாது.

அக்கா சிரித்தாள். ஃபோனில் கேட்ட அதே சிரிப்பாகத் தொடங்கியது. பாதியில் அது சிரிப்பாக இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"போதும்," என்றாள் அக்கா, அத்தானிடம். "போதும் விடுங்க. எத்தனை நாளைக்குத்தான் என் வசவ வாங்கிட்டு நிப்பீங்க."

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்துதான் இவ இங்க கிடக்கிறா."

பட்டாணியை மடிக்கு மாற்றிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், ஜாரைப் பார்த்துப் பேசினாள். "அந்தாளு கூட்டத்துல வச்சு ரவையான்னு கேட்டாருல்ல, அன்னைக்கு இவர் சாப்பிடாமப் படுத்துட்டாரு. விடிஞ்சு இவர் வண்டிக்குப் போனதும் பொடியத் தட்டோட தூக்கிட்டுப் போய் மிக்ஸியில போட்டேன். சின்ன ஜார்ல நாலு ஈடு. பட்டாணி கீழ உக்காந்து வேடிக்க பார்த்துட்டிருந்தா. மாவு மாதிரி வந்துச்சு. இவர்கிட்ட காட்டினப்ப இவருக்கே நம்ப முடியல. கல்லுலதான் அரைச்சேன்னு சொல்லிக்கிறேன், இல்லன்னா அந்தாளு ஏத்துக்க மாட்டாருன்னாரு. சொல்லிக்கோங்கன்னேன். சிரிப்பா இருந்துச்சு."

"கழுவின இல்ல?" என்றார் அத்தான். அவளுக்காகக் கேட்டார்.

"கழுவினேன். சாம்பல் போட்டு, சோப்புப் போட்டு, வெந்நீர் ஊத்தி. அன்னைக்கே பத்து தடவ கழுவினேன். டாக்டர் ஈயம்னு சொன்னப்ப அந்த வீட்டு அடுப்படியக் கழுவினேன். தூசு பறந்திருக்கும்னுதான் நினைச்சேன். இவகிட்டகூடக் கேட்டேன், எவர்சில்வர்ல ஒட்டுமான்னு."

"ஆமா, கேட்ட," என்றேன்.

"கையால பொடிச்சு, கையால ஊட்டினேன்." அவள் தன் கையைப் பார்த்தாள்.

அத்தான் அவள் தோளில் கை வைத்தார். "சரி. தெரிஞ்சுபோச்சு. ஜார் போகட்டும். மருந்து ஆரம்பிக்கலாம். சரியாயிடும்." என்னிடம் திரும்பி, "சரியாயிடும்தானேம்மா?" என்றார்.

ரத்தத்தில் இருப்பது இறங்கும். போன சொற்கள் திரும்புமா என்று டாக்டரும் சொன்னதில்லை. நான் தலையை ஆட்டினேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கூடிய ஆட்டல்.

அக்கா அழவில்லை. ஏதோ மிச்சம் இருப்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சங்க அறை ஞாபகம் வந்தது. ஒரு குழியில்கூட நிறமில்லாத அந்தக் கல். ஒரே மாதிரி மாவாக இருந்த குப்பிகள். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கிய எதிர்வீட்டுக்காரியின் தோள்.

"நேத்து தெருவுக்குப் போயிருந்தேன்க்கா," என்றேன். "எதிர்வீட்டுப் பையனுக்கு ரெண்டு வாரமா வயிறு சரியில்லையாம். பல்லு முளைக்குதுன்னு சொன்னாங்க."

அக்கா நிமிர்ந்தாள். பேயறைந்ததுபோல இருந்தது அவள் முகம்.

"என்னடி சொல்ற," என்றாள் மெதுவாக. பிறகு அத்தானிடம், "உங்களுக்கும் இது தெரியாது."

"எது?"

"கூட்டம் முடிஞ்சு அவதான் முதல்ல வந்து கேட்டா. எப்படிடி இவ்வளவு நைசா வந்துச்சுன்னு. சொல்லிக் கொடுத்தேன். சுண்ணாம்பார்கிட்ட மூச்சு விடாத, கல்லுல அரைச்சதாவே இருக்கட்டும்னேன். அவ பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருக்கா. அவங்க அடுத்த வீட்டுக்கு. கிணத்தடில நின்னு எல்லாரும் சிரிப்போம், ஆம்பளைங்க சொல்லிக்கிற தோள் வலிய நினைச்சு."  மேசையிலிருந்த ஜாரைத் தள்ளி வைத்தாள். "அந்தத் தெருவுல ஒரு கதவுகூடக் கல்லுல அரைச்சது இல்ல. எல்லா வீட்டுலயும் மிக்ஸியிலதான் அரைச்சோம். குழந்தைக்குப் பொடிக்கிற அதே ஜார்ல."